கப்பலின் முன்னெழுத்தும் மக்களின் உரிமையும்

சபரகமுவத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்த எம்மிற் பலர் கடலை முதன்முதலாகக் காண்பது கொழும்புக்கு வரும்போதுதான். எனினும், எம் முன்னோர் கடல் கடந்து வந்தோர். அவர்கள் வெட்டிய பாலிலிருந்து உருவான இறப்பரும் கடல் கடந்தே சென்றது. ஆகவே கப்பற் பெயர்களின் முன்னே நிற்கும் எழுத்துகள் எம் வரலாற்றுக்குப் புறம்பானவை அல்ல.

வணிகக் கப்பலின் முன்னெழுத்து அஃது எவ்வாறு இயங்குகின்றது என்பதை உணர்த்தும். 'எஸ்.எஸ்.' என்பது நீராவிக் கப்பல்; 'எம்.வி.' என்பது மோட்டார்க் கப்பல். போர்க்கப்பலின் முன்னெழுத்தோ அஃது எவருக்கு உரியது என்பதை உணர்த்தும். பிரித்தானியரின் 'எச்.எம்.எஸ்.' என்பதன் பொருள் 'மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல்' என்பதாம். மன்னரில்லாத அமெரிக்காவிலே, 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கப்பல்' எனப் பொருள்படும் 'யு.எஸ்.எஸ்.' என்பதை 1907இல் தியோடர் ரூசவெல்ற் முறைப்படுத்தினார். முன்னது மன்னரின் உடைமை. பின்னது நாட்டின் உடைமை.

பேரரசின் உறுப்பு நாடுகள் தத்தமக்கெனக் கடற்படை அமைத்தபோது, மன்னரின் எழுத்துகளோடு நாட்டின் எழுத்தும் சேர்ந்தது. 1942 ஏப்ரில் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த கப்பல்களுள் 'ஹேர்மிஸ்' எச்.எம்.எஸ். என்பதையும், அதற்குத் துணை சென்ற 'வம்பயர்' எச்.எம்.ஏ.எஸ். என்பதையும் தாங்கியிருந்தன. இடையில் நின்ற 'ஏ' அவுஸ்திரேலியாவைக் குறித்தது. அவ்வாண்டு மலாயா ஜப்பானியர் வசமானபின், நேச நாடுகள் இலங்கை இறப்பரையே பெரிதும் நம்பியிருந்தன. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் தொழிலாளர் உழைப்பும் அப்போரிற் பங்குகொண்டது.

1950 டிசெம்பர் 9ஆம் நாள் இலங்கை அரச கடற்படை தோன்றியது. ஆங்கிலத்தில் இலங்கையைக் குறிக்கும் 'சிலோன்' என்பதன் முதலெழுத்தாகிய 'சி'யை இடையிற் சேர்த்தால் 'எச்.எம்.சி.எஸ்.' என்றாகும். ஆயின் அது முன்னரே கனடாவின் முன்னெழுத்தாக இருந்தது. எனவே 'வை' என்னும் எழுத்தையும் சேர்த்து 'எச்.எம்.சி.வை.எஸ்.' என வழங்கினர். இவ்வேறுபாட்டின் தேவைக்குக் 'கஜபாகு' என்ற கப்பலே சான்று. கனடாவிற் கட்டப்பட்டு எச்.எம்.சி.எஸ். 'ஹலோவெல்' என விளங்கிய அக்கப்பல், பின்னர் இசுரேலியரிடம் சென்று, 1959இல் இலங்கைக்கு வந்து எச்.எம்.சி.வை.எஸ். 'கஜபாகு' ஆயிற்று.

இந்தியா 1950 ஜனவரி 26இல் குடியரசானபோது, அதன் கப்பல்கள் 'ஐ.என்.எஸ்.' என்னும் முன்னெழுத்தைப் பெற்றன. இலங்கையும் 1972 மே 22இல் குடியரசாயிற்று. மன்னரைக் குறித்த எழுத்துகள் மறைந்து 'எஸ்.எல்.என்.எஸ்.', அதாவது 'ஸ்ரீ லங்கா கடற்படைக் கப்பல்' என்பது நிலைத்தது. கரையிலுள்ள முகாம்களும் இம்முன்னெழுத்தையே தாங்குகின்றன. வெலிசறை முகாம் 'கெமுனு' எனவும், காரைநகர் முகாம் 'எலார' எனவும் பெயர்பெற்றவை. மகாவம்சத்திலே பகைவராகப் பொருத துட்டகைமுனுவும் எல்லாளனும் இங்கு ஒரே முன்னெழுத்தின் கீழ் நிற்கின்றனர்.

மக்களுக்கும் முன்னொட்டுகள் இடப்பட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' எனத் தமிழரை இரு கூறாக்கியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பகிர்ந்தது. எஞ்சிய நாடற்றோருக்குச் சட்டத்தளவிற் குடியுரிமை கிடைப்பதற்கு 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கனடாவிற் கட்டிய கப்பல் சில எழுத்துகளின் மாற்றத்தால் இலங்கைக் கப்பலாயிற்று. இம்மண்ணிற் பிறந்து, பால்வெட்டி, கொழுந்தெடுத்து வாழ்ந்தோர் அவ்வாறு ஏற்கப்படுதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. எழுத்தை இடுபவர் எவரோ, உரிமையை வரையறுப்பவரும் அவரே. கப்பலின் முன்னெழுத்தை ஆராயும் வரலாற்று மாணவன் மனிதரின் முன்னொட்டையும் ஆராயக் கடமைப்பட்டவன்.