ஐரிஸ்: வானவில்லிலிருந்து கதிராளி வரை

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை, புனித அந்தோனியார் திருத்தலத்தால் பெயர்பெற்ற ஊர். கண்டி மன்னர் காலத்தில் அங்கே குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தவை அவ்வூர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அவர்களின் முன்னோர் பேசிய போர்த்துக்கேய மொழியில் வானவில் 'ஆர்கு ஈரிஸ்'. அம்மொழியிலிருந்து கதிரை, பாண், சப்பாத்து, அலவாங்கு, யன்னல் ஆகியவை ஈழத்தமிழில் குடியேறின, ஈரிஸ் குடியேறவில்லை. பாணும் சப்பாத்தும் புதிய பொருள்கள், பெயரோடு வந்தன. வானவில்லுக்குத் தமிழில் பெயர் முன்பே இருந்தது. ஈரிஸ் என்ற அந்தச் சொல் கண்ணின் ஓர் உறுப்பைக் குறித்து மருத்துவத்தின் வழியே மறுபடி வந்தபோதுதான் தமிழ் அதற்குப் பெயர் தேட நேர்ந்தது.

கிரேக்கத்தில் ஐரிஸ் வானவில்லும் ஆவாள், அதன் தேவதையும் ஆவாள். இலியட் காவியத்தில் தேவர்களின் தூது சுமப்பவள் அவளே. ஒடிசியில் அப்பணி எர்மெசுக்குப் போய்விடுகிறது. பல நிறம் காட்டும் பூவும் அப்பெயரைப் பெற்றது. 1753-இல் லின்னேயசு அதையே பேரினப் பெயராக்கினார். கண்மணியைச் சூழ்ந்த நிற வளையத்துக்கும் அப்பெயர் நிலைத்தது. கண்மணியைச் சுருக்கியும் விரித்தும் உள்ளே புகும் ஒளியை மட்டுப்படுத்துவது அந்த வளையம். கேமராவில் ஒளித்துளையைக் கட்டுப்படுத்தும் தகட்டு அமைப்புக்கு அதன் பெயரே வந்ததும் இதனால்தான்.

1847-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுகோளுக்கும் ஐரிஸ் என்றே பெயரிட்டார்கள். அதே ஆண்டில்தான் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர் அவர். உடற்கூற்றியலை 'அங்காதிபாதம்' என்றார். மாணவர்களோடு சேர்ந்து ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் படலத்துக்கும் தமிழில் பெயர் இருக்க வேண்டும் என்ற துணிவு அங்கே தொடங்கியது. அந்த உழைப்புக்கு நாம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் கருத்து. 1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் ஈழத்தவரே: காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். பின்னர் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது.

இலங்கைப் பாடநூல் வழக்கில் ஐரிஸ் 'கதிராளி'. அதற்கு முன்னே கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் கார்னியா 'விழிவெண்படலம்'. ஒளிக்கதிரை ஆள்வது கதிராளி. உறுப்பின் தொழிலையே பெயராக்கிய அழகான ஆக்கம் இது. தமிழகப் பள்ளி நூல்கள் ஐரிஸ், கார்னியா என்ற ஒலிபெயர்ப்புகளோடும் நிற்கின்றன. செய்தித்தாள்களோ இரண்டையும் 'கருவிழி' என்று எழுதுகின்றன. இந்திய அடையாள எண்ணான ஆதாருக்குப் பதிவது கருவிழி. கண்தானத்தில் பொருத்தப்படுவதும் கருவிழி.

இந்தக் குழப்பம் சிறிதன்று. அட்சன் சில்வா 1961-இல் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கு அனுப்பிவருவது விழிவெண்படலத்தை. ஆள் அடையாளத்துக்காகப் படமெடுக்கப்படுவது கதிராளி. கேம்பிரிட்சின் ஜான் டாக்மன் 1990-களில் வகுத்த கணிதமுறை அதன் இழையமைப்பை எண் குறியீடாக்குகிறது. தானம் பெற்றவரின் அடையாளமும் மாறிவிடுமோ என்று ஒருவர் அஞ்சினால், அதற்கு இடம்கொடுப்பது இரண்டுக்கும் நாம் வைத்த ஒற்றைப் பெயர்தான். விழிவெண்படலம் மாற்றப்பட்டவரின் கதிராளி அவருடையதாகவே இருக்கும். மாறியது அதற்கு முன்னுள்ள தெளிந்த படலம் மட்டும்.