மணிமேகலை என்னும் பெண்பெயர்

மன்னர்தம் பெயர்களைக் கல்லும் செப்பேடும் காத்தன. எளிய மக்களின் பெயர்களைக் காத்தவை பள்ளி வருகைப் பதிவேடுகளும், தோட்டத்துக் கிராணிமார் எழுதிவைத்த பெயரேடுகளும், பிறப்புச் சான்றிதழ்களுமே. கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகைய ஏடுகளைப் புரட்டுவோர்க்கு மாரியாயி, முனியம்மா, அஞ்சலை, குப்பம்மா முதலிய பெயர்கள் அடிக்கடி எதிர்ப்படும். அவற்றினிடையே அரிதாக ஒரு பெயர் தோன்றும்: மணிமேகலை. இன்று பாட்டியர் தலைமுறையில் ஆங்காங்கே கேட்கும் இப்பெயரைப் புதிதாகப் பள்ளிக்கு வரும் சிறுமியரிடம் காண்பது அரிது. இதன் பிறப்பையும் பொருளையும் பயணத்தையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

மேகலை என்பது மகளிர் இடையில் அணியும் அணி. கோவைகளின் எண்ணிக்கை கொண்டு மேகலை, காஞ்சி, கலாபம், பருமம், விரிசிகை என அதன் வகைகளை நம் முன்னோர் பிரித்து வழங்கினர். மணி பதித்த மேகலை மணிமேகலை. பெண்ணின் பெயராக நோக்குங்கால் இஃது அணியால் வந்த பெயர் என்றே தோன்றும். ஆயினும் அணியோடு பொருள் முடிந்துவிடவில்லை. நிலத்தை ஒரு பெண்ணாகவும், அதைச் சூழ்ந்த கடலை அவள் இடையணியாகவும் காண்பது வடமொழியிலும் தமிழிலும் நெடுநாளைய கவிமரபு. கடலைக் காக்கும் தெய்வத்திற்கு இப்பெயர் அமைந்ததன் பொருத்தம் அம்மரபை நினைத்தால் விளங்கும்.

காப்பியம் காட்டும் பெயர்சூட்டு

தமிழ்ப் பெண்பெயர்களுள், தான் சூட்டப்பட்ட கதையைத் தானே உடன்கொண்டு வருவன மிகச் சிலவே. மணிமேகலை அவற்றுள் ஒன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் காணும் மாடலன் என்னும் மறையவன் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுகிறான். மாதவி பெற்ற மகளுக்குப் பெயரிட முதுகணிகையர் கூடினர். அப்போது கோவலன் தன் குலத்து முன்னோன் ஒருவனை நினைத்தான். நள்ளிரவில் கலம் உடைந்து கடலில் தத்தளித்த அம்முன்னோனை மணிமேகலா தெய்வம் தோன்றிக் காத்துக் கரை சேர்த்தது. அத்தெய்வத்தின் பெயரையே மகளுக்கு இடுமாறு கோவலன் கூற, ஆயிரம் கணிகையர் மணிமேகலை என வாழ்த்தினர்.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அழகு கருதியோ ஓசை கருதியோ இப்பெயர் இடப்படவில்லை. அந்த முன்னோன் கடலில் மாண்டிருந்தால் கோவலன் இல்லை, இக்குழந்தையும் இல்லை. உயிர் பிழைத்ததற்குச் செலுத்திய நன்றியே பெயராயிற்று.

கீழைக்கடலின் தெய்வம்

இத்தெய்வம் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. பாலிமொழி மகாசனக சாதகத்தில், சுவர்ணபூமி நோக்கிக் கலமேறிய இளவரசன் கப்பல் உடைந்து ஏழு நாள் கடலில் நீந்துகிறான். அவனை எடுத்துச் சென்று காப்பவளும் மணிமேகலையே. பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி 1930ஆம் ஆண்டையொட்டி இக்கடல்தெய்வம் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் அவள் மின்னலின் தேவியாகக் கூத்துகளில் வாழ்கிறாள். மேற்குப் பசிபிக்கின் புயல்களுக்கு இடப்படும் பெயர்களுள் 'மேக்கலா' என்பது தாய்லாந்து அளித்த பெயர். அதுவும் இவளையே குறிக்கும்.

ஆகவே மணிமேகலை கீழைக்கடல் வணிகர் பலருக்கும் பொதுவான பெயர். அக்கடலின் இக்கரையில், செபராங் பிறையில், 1834இல் சேம்சு லோ கண்டெடுத்த கல்வெட்டு புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனுடையது. 5ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல் கடற்பயணம் இனிது முடிய வேண்டுகிறது. கோவலனின் முன்னோனைப் போன்றோர் வந்து சென்ற நாடு இது என்பதற்கு அஃதொரு சான்று.

மணிமேகலைக் காப்பியமும் கிழக்கு நோக்குகிறது. பஞ்சத்தால் உயிர்கள் மடியும் சாவக நாட்டுக்கு அமுதசுரபியைக் கொண்டுசெல்லக் கலமேறிய ஆபுத்திரன் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு உயிர் நீக்கிறான். மறுபிறப்பில் அவனே சாவகத்தை ஆளும் புண்ணியராசன். அவனைக் காண மணிமேகலை அங்குச் செல்கிறாள். சாவகம் என்பது சாவா, சுமத்திரா முதலிய தீவுலகைச் சுட்டும் பழம்பெயர். தமிழ்க் காப்பியத் தலைவி ஒருத்தி நாம் வாழும் இப்பகுதிக்கு வந்து சென்றதாகச் சாத்தனார் பாடியுள்ளார் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

மறைவும் மீட்பும்

முப்பது காதைகள் கொண்ட இக்காப்பியம் பௌத்தம் தமிழகத்தில் மங்கியபின் கற்பாரின்றிக் கிடந்தது. உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். பௌத்தக் கோட்பாடுகளை விளக்குவார் தமிழ்ப் புலவரிடையே இன்மையால், கும்பகோணத்தில் ரங்காசாரியாரின் துணையை அவர் நாடவேண்டியிருந்தது. நூலே புழக்கத்தில் இல்லாத காலத்தில் தலைவியின் பெயரைக் குழந்தைக்கு இடுவோர் யாவர்? அச்சேறிய பின்னரே அப்பெயர் மீண்டும் வீடுகளுக்குள் நுழையும் வாய்ப்புப் பெற்றது.

மலாயா மண்ணில்

அந்நூல் அச்சான காலத்தில் மலாயாவுக்கு வந்த தமிழர் பெரும்பாலோர் எழுத்தறியாத் தோட்டத் தொழிலாளர். அவர்தம் வாழ்வு நோயோடு போராடிய வாழ்வு. 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்காம் துறைமுகம், இன்றைய கிள்ளான் துறைமுகம், மலேரியாவால் முடங்கும் நிலை எய்தியது. சதுப்பு நீரை வடித்துக் கிள்ளானில் அந்நோயைக் கட்டுப்படுத்திய மருத்துவர் மால்கம் வாட்சனின் பணி உலகப் புகழ் பெற்றது. அத்தகைய காலத்தில் அம்மையிலிருந்து பிழைத்தால் மாரியாயி. முன்பிறந்த குழந்தைகள் இறந்தபின் பிறந்து, குப்பையில் புரட்டி எடுக்கப்பட்டால் குப்பம்மா. தெய்வத்திடம் பிச்சையாகப் பெற்றதாகக் கருதினால் பிச்சையம்மா. இவை கல்லாதார் இட்ட பெயர்கள் எனப் பின்வந்தோர் நாணினர். ஆனால் கோவலன் செய்ததும் இதுவே அன்றோ? உயிர் காத்த தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு இட்ட செட்டிமகனுக்கும், மாரியம்மன் பெயரை இட்ட தோட்டத்துத் தாய்க்கும் நோக்கம் ஒன்றே. மணிமேகலையும் மாரியாயியும் ஒரே மரபில் வந்த பெயர்கள்.

1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசனும் 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசும் தோன்றின. 1929இல் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயா வந்தார். 1952இல் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கினார். படிப்பகமும் நாடகமும் பேச்சுமேடையும் தோட்டம்தோறும் பரவ, இலக்கியப் பெயர்களும் தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி போன்ற புதுப்பெயர்களும் பெருகின. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் பொன்னியின் செல்வனிலும் மணிமேகலை என்றொரு நங்கை உண்டு. 1961இல் தனிநாயகம் அடிகள் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார்; 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. மணிமேகலை என்னும் பெயருக்கு இந்நாட்டில் வாய்த்த நற்காலம் இதுவே எனலாம்.

எனினும் அப்பெயர் பெருவழக்கு எய்தவில்லை. காரணங்கள் சில கூறலாம். காப்பியத் தலைவி துறவு பூண்டவள். கல்கியின் மணிமேகலையோ இளமையிலேயே மாய்ந்தவள். பெண் மணமாகி வாழவேண்டும் என விரும்பும் பெற்றோர் தயங்கியதில் வியப்பில்லை. நீண்ட பெயர் என்பாரும் உளர். எண்ணிப் பார்த்தால் ஐந்தே எழுத்து. வாய்ப்பேச்சில் அது மணி என்றும் மேகலா என்றும் குறுகியது. ரோமன் எழுத்தில் ககரத்தைச் சிலர் 'கே' என்றும் சிலர் 'ஜி' என்றும் எழுதினமையால் ஒரே பெயர் ஏடுகளில் இருவேறு பெயர்களாகவும் நின்றது. இன்றோ எண்கணிதத்துக்கும் ஓசைப் புதுமைக்கும் இசையவே பல பெயர்கள் ஆக்கப்படுகின்றன.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாடம்

இப்பெயரைக் கற்பிக்கப் பிரிக்பீல்ட்ஸைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே 1894ஐத் தொடக்கமாகக் கொண்ட, சிங்கள பௌத்தர் எழுப்பிய மகாவிகாரை உள்ளது. சற்றுத் தொலைவில் யாழ்ப்பாணத் தமிழரின் கந்தசுவாமி கோயில். அவர்தம் நயினாதீவே மணிபல்லவம் என்பார் பலர். அமுதசுரபி கோமுகிப் பொய்கையில் ஆண்டுதோறும் மேலெழும் நாள் புத்தர் பிறந்த வைகாசி முழுநிலா என்கிறது காப்பியம். அந்நாளில்தான் மகாவிகாரையிலிருந்து விசாக ஊர்வலம் புறப்படுகிறது. பௌத்தமும் தமிழும் ஒன்றாயிருந்த ஒரு காலத்தை அத்தெருவில் நின்றே மாணவர்க்கு விளக்கலாம்.

எல்லாப் பெண்மக்களுக்கும் இப்பெயரை இடுக என நாம் வேண்டவில்லை. பெயர் தெரிவு பெற்றோர் உரிமை. நாம் அஞ்சுவது பெயருக்குப் பின்னுள்ள காரணம் மறக்கப்படுவதையே. நம் நாட்டு வழக்கில் ஒருத்தியின் பெயருக்குப் பின் தந்தையின் பெயர் தொடரும்; அவளுக்கென்றே உரியது முன்னிற்கும் அவ்வொரு சொல்தான். அச்சொல்லை யார் இட்டார், எதற்காக இட்டார், தம் பாட்டியின் முழுப்பெயர் யாது என வீட்டில் கேட்டு எழுதிவரும் பயிற்சியை ஆசிரியர்கள் வகுப்பில் தரலாம். மாரியாயி என எழுதிவரும் பிள்ளை நாணவேண்டியதில்லை. அப்பெயருக்குரிய மரபைச் சிலப்பதிகாரத்தில் காட்டும் கடமை ஆசிரியருடையது.