குப்தர் பொற்காசுகளில் விலங்குகள்

கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் வட இந்தியாவை ஆண்ட குப்தப் பேரரசர்கள் குதிரை, புலி, சிங்கம், யானை, காண்டாமிருகம், மயில் ஆகியவற்றைப் பொறித்துத் தங்க நாணயங்களை வெளியிட்டனர். ‘தீனாரம்’ எனப்பட்ட இக்காசு ஏறத்தாழ 8 கிராம் எடையுள்ளது. இன்றைய பேச்சில் ஒரு பவுன். சுமார் 2 செ.மீ. அகல வட்டத்துக்குள் வேட்டைக் காட்சி ஒன்றையே அடக்கிய அச்சு வெட்டுநர்களின் கைத்திறன் வியக்கவைப்பது.

முதலில் குஷாணர் காசுகளைப் பின்பற்றிய குப்தர்கள் விரைவிலேயே தமக்கென ஒரு பாணியைக் கண்டனர். சமுத்திரகுப்தனின் அசுவமேதக் காசில் வேள்வித் தூணின் முன் குதிரை நிற்கிறது. பின்புறத்தில் பட்டத்தரசி சாமரத்தோடு நிற்கிறாள். அவனுடைய மற்றொரு காசில் அரசன் வில்லேந்திப் புலியை எய்கிறான். ‘வியாக்ர பராக்கிரம’ என்ற பட்டம் பிராமி எழுத்தில் உள்ளது. அவன் மகன் இரண்டாம் சந்திரகுப்தன் காலத்தில் புலியின் இடத்துக்குச் சிங்கம் வந்தது. சிங்கங்கள் வாழ்ந்த குசராத்துப் பகுதியை அவன் வென்றதோடு இம்மாற்றத்தை ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கின்றனர்.

விலங்கு வகைகள் பெருகியது முதலாம் குமாரகுப்தன் ஆட்சியில்தான்.

அவற்றுள் மிக அரியது காண்டாமிருகக் காசு. குதிரைமேல் அமர்ந்த அரசன் முன்னால் சாய்ந்து வாளை ஓங்குகிறான். காண்டாமிருகமோ ஓடாமல் தலையைத் திருப்பி அவனை எதிர்க்கிறது. வடமொழியில் ‘கட்கம்’ என்பது வாளையும் காண்டாமிருகத்தையும் குறிக்கும். காசைச் சுற்றியுள்ள வாசகம் அந்தச் சொல்லையே சிலேடையாக ஆள்கிறது. பின்புறத்தில் மகரத்தின்மேல் கங்கை நிற்கிறாள்.

இதே அரசனின் மயில் காசு தமிழ் வாசகருக்குச் சட்டென்று விளங்கும். ஒருபுறம் அரசன் மயிலுக்குத் தீனி ஊட்டுகிறான். மறுபுறம் மயில்மேல் கார்த்திகேயன் வீற்றிருக்கிறான். குமாரன் என்ற பெயர் அரசனுக்கும் கடவுளுக்கும் பொது.

இவ்வகைகளைப் பற்றிய அறிவைப் பெருக்கியது 1946இல் இராசத்தானின் பரத்பூர்ப் பகுதியில், பயானா அருகே கிடைத்த புதையல். ஏறத்தாழ 2,100 பொற்காசுகளில் 1,821 மீட்கப்பட்டன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இரண்டாம் சந்திரகுப்தனுடையவை. நாணய ஆய்வாளர் அ.ச. அல்தேகர் அவற்றை ஆராய்ந்து 1954இல் விரிவான பட்டியல் வெளியிட்டார்.

மீட்கப்படாத காசுகளில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. 1783இல் கல்கத்தாவின் காளிகட்டில் கிடைத்த குப்தர் காசுகளை அன்றைய தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ் லண்டனுக்கு அனுப்பினார். சில அருங்காட்சியகங்களைச் சேர்ந்தன. பல உலைக்குப் போயின. சில வகைகளில் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், உருகிய ஒவ்வொரு காசும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. அதில் இருந்த தங்கம் வேறு நகையாகத் திரும்பியிருக்கலாம். அச்சும் வாசகமும் திரும்பவில்லை.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பழங்காசு கிடைத்தால் அதைத் தேய்த்துக் கழுவாமல், தட்டாரிடம் கொண்டுபோகாமல், கிடைத்த நிலையிலேயே ஒப்படையுங்கள்.