தேசிங்கின் மேடை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் யாத்திரிகர், மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டையைக் கண்டு பிரமித்து, செட்டிக்குளக் கரையிலுள்ள எளிய மேடையைப் பாராமலே போய்விடுவதுண்டு. ஆர்க்காட்டு நவாப் சாததுல்லா கானுக்குக் கப்பம் செலுத்த மறுத்து, 1714-ஆம் ஆண்டு அக்டோபரில், சொற்பப் படையுடன் பெருஞ்சேனையை எதிர்த்து மாண்ட புந்தேல ராஜபுத்திர இளைஞன் தேசிங்கின் தேகம் தகனமானதும், அவன் இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் அவ்விடத்திலேதான் என்பர்.

1677-இல் சிவாஜியின் வசமாகி, பின்னர் ஏறத்தாழ எட்டாண்டுகள் முகலாய முற்றுகையைத் தாங்கிய இத்துர்க்கத்தின் நெடுஞ்சரித்திரத்தில், தேசிங்கின் ஆட்சி சில மாதங்களே. எனினும் ஜனங்கள் கதைப்பாடலாக்கிப் பாடியது அவனைத்தான். ராஜதந்திரத்தை நோக்கின் அது விவேகமற்ற யுத்தமே என்பது என் அபிப்பிராயம்.

கதைப்பாடலின்படி தன் விவாகப் பந்தலை விட்டெழுந்து வந்து அவனுடன் மடிந்த உயிர்த்தோழன் மகபத்கானின் சமாதி, அருகிலுள்ள நீலாம்பூண்டியில் இருக்கிறது. தேசிங்கின் புரவியும் அங்கேயே அடக்கமானதாக ஊரார் நம்புகின்றனர். ராணியின் பெயரால் ராணிப்பேட்டை எழுந்தது, வென்ற நவாபின் மரியாதையால் என்பதும் கர்ணபரம்பரைச் செய்தி. பாலாற்றங்கரை வழியே போவோர் அதனையும் இக்கதையோடு சேர்த்துக் காணலாம்.