திரும்பி ஒட்டிய துண்டு

சென்ற வாரம் மரபியலாளர் மார்கனின் ஆய்வுக்கூடத்தில், ஜோடிக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளும் குறுக்கேற்றத்தைப் பார்த்தோம். அவருடைய மாணவர் ஸ்டர்டிவன்ட், சில பழ ஈக்களில் இந்தப் பரிமாற்றம் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கவனித்தார். ஏதோ ஒரு காரணி தடுக்கிறது என்றே முதலில் கருதப்பட்டது. குரோமோசோமின் ஒரு துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டியதே காரணம் என்று 1926ல் அவர் நிறுவினார். திருப்பம் குறுக்கேற்றத்தைத் தடுக்கிறது என்றே இன்றும் சொல்லிக்கொடுக்கிறோம். அது போதாது, பரிமாற்றம் நடந்தாலும் அதன் விளைவு சந்ததிக்கு வந்து சேர்வதில்லை என்பதே முக்கியம்.

நேரான குரோமோசோமும் திரும்பியதும் ஜோடி சேர, ஒன்று வளையமாக வளைந்தாக வேண்டும். செல் பிரியும்போது குரோமோசோமை இழுக்கும் பிடியான சென்ட்ரோமியர் திருப்பத்துக்கு வெளியே இருக்கும்போது, வளையத்துக்குள் ஒருமுறை பரிமாற்றம் நடந்தால் இரண்டு சென்ட்ரோமியர் கொண்ட இழை ஒன்றும், எதுவுமே இல்லாத இழை ஒன்றும் உண்டாகும். முன்னது இருபுறமும் இழுபட்டுப் பாலம்போல் நடுவில் மாட்டிக்கொள்ளும், பின்னது தொலைந்துபோகும். பெண் ஈயின் குன்றல் பகுப்பில் நான்கு உட்கருக்கள் வரிசையாக நிற்கின்றன; ஓரத்தில் உள்ள ஒன்றே முட்டையினுடையதாகும். பாலம் நடுவிலேயே நின்றுவிடுவதால் பழுதில்லாத, பரிமாறாத இழைதான் அங்கே போகிறது. முட்டை வீணாவதில்லை, புதுச் சேர்க்கை மட்டுமே மறைகிறது என்று ஸ்டர்டிவன்ட்டும் சக ஆய்வாளர் பீடிலும் 1936ல் விளக்கினார்கள். திருப்பத்தின் முனைகளில் இழைகள் சரியாகச் சேராமல் பரிமாற்றமே குறைகிறதே என்று கேட்கலாம். குறைகிறது, உண்மைதான். ஆனால் நீண்ட திருப்பத்தின் நடுப்பகுதியில் இருமுறை பரிமாறிய சந்ததி பிழைத்து வருகிறது. அங்கே இழைகள் நன்றாகவே சேர்ந்திருந்தன என்பதற்கு அதுவே சாட்சி.

வலுவான மறுப்பு ஆண் ஈயிடமிருந்து வருகிறது. ஆணில் நான்கு உட்கருக்களும் விந்தணுவாகின்றன. பழுதை ஒதுக்கிவைக்க இடமில்லை. பெரும்பாலான பழ ஈ இனங்களில் ஆணுக்குக் குறுக்கேற்றமே இல்லாததால் சிக்கல் எழுவதில்லை. டிரோசோஃபிலா அனனாசே விதிவிலக்கு. அதன் ஆண்களிலும் பரிமாற்றம் நடப்பதை ஜப்பானியர்களான கிக்காவாவும் மொரிவாகியும் 1937ல் அறிவித்தார்கள். வெப்பநாடுகளில் மனிதரை ஒட்டியே வாழும் ஈ இது. பண்ருட்டிப் பலாவும் சிதம்பரம் கடைத்தெரு வாழைத்தாரும் கனிந்து நொதிக்கும் கடலூர் மாவட்டம் அதற்குத் தோதான சூழல். மேலே சொன்ன கணக்குப்படி இந்த இனத்தில் திருப்பங்கள் அருகியிருக்க வேண்டும். அருகவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் பி. என். சிங் பல்லாண்டுகள் நாடெங்கும் இந்த ஈக்களைச் சேகரித்து, புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் பார்த்தார். ஆல்ஃபா, டெல்டா, ஈட்டா என்னும் மூன்று திருப்பங்கள் பரவலாக இருந்தன; வடக்கைவிடத் தெற்கில் அதிகம். அவை அருகாததற்குக் காரணம் உண்டு. ஆணின் பரிமாற்றம் பெண்ணினுடையதைவிடக் குறைவு, ஆகவே இழப்பும் சிறிது. அதோடு, ஆய்வுக்கூடப் புட்டிகளில் பல தலைமுறைகள் கடந்தும் நேரான வடிவமும் திரும்பியதும் சேர்ந்தே நீடித்தன. இரண்டையும் ஒருங்கே பெற்ற ஈக்கள் மேலாகப் பிழைப்பதை சிங் கண்டார். பழுதான சில விந்தணுக்களின் நட்டத்தை அந்த ஆதாயம் ஈடுகட்டிவிடும்.