தோலுக்கு மதிப்பு, சோற்றுக்குத் தீட்டா?

தட்டில் இருப்பது சோறு. அதன்மேல் இருப்பது இறைச்சி. ஆனால் அந்தத் தட்டைச் சுற்றி மன்னரின் ஆணை நின்றிருக்கிறது. மதத்தின் தடை நின்றிருக்கிறது. சாதியின் வேலியும் நின்றிருக்கிறது. ஏழை உண்ணும் எளிய உணவின் வரலாற்றைப் புரட்டினால், ஏழை ஒடுக்கப்பட்ட வரலாறே விரிகிறது. ஜப்பானையும், பாலாற்றங்கரை ஆம்பூரையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

கி.பி. 675-இல் ஜப்பானியப் பேரரசர் தெம்மு ஓர் ஆணை பிறப்பித்தார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உழவு நடக்கும் மாதங்களில் உண்ணலாகாது என்பது அந்த ஆணை. பௌத்தத்தின் பெயரால் எழுந்த இத்தகைய தடைகள் நாளடைவில் தீட்டாகத் தடித்தன. மாட்டை அறுத்தவரையும் தோலைப் பதப்படுத்தியவரையும் 'எத்தா' என்றனர். 'அழுக்கு மிக்கவர்' என்பது அச்சொல்லின் பொருள். ஊருக்கு வெளியே ஒதுக்கினர். ஆனால் போர்வீரனின் கவசத்திற்குத் தோல் வேண்டியிருந்தது. தோல் இனித்தது, தோலை உரித்தவன் கசந்தான்!

1871-இல் அந்த இழிநிலையைச் சட்டத்தால் நீக்கினர். 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தியை நாடறியச் செய்தனர். 1899-இல் தோக்கியோவின் நிகோன்பாஷி மீன் சந்தையில் யோஷினோயா என்ற சிறு கடை தோன்றியது. சோற்றின்மேல் மாட்டிறைச்சியை இட்டுக் கிண்ணத்தில் தந்தது அக்கடை. விரைந்துண்டு வேலைக்குத் திரும்ப வேண்டிய சந்தை மக்களுக்கு அது ஏற்றதாயிற்று. இன்று மாணவனும் எழுத்தனும் தொழிலாளியும் ஒரே பலகையருகே அமர்ந்து உண்டெழுகின்றனர்.

உணவு உயர்ந்தது, உரித்தவன் உயர்ந்தானா? இல்லை! 1922-இல் ஒதுக்கப்பட்டோர் கியோத்தோ நகரில் கூடி, சுய்ஹேய்ஷா என்னும் சமத்துவ இயக்கத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. அப்பாகுபாட்டை ஒழிக்கவென 2016-இலும் ஒரு தனிச்சட்டம் தேவைப்பட்டது. நாக்கு மாறுவது எளிது. நெஞ்சு மாறுவது அரிது என்பதே இது தரும் பாடம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் என நீளும் தோல் வட்டாரத்தில் ஆவாரம்பட்டையிட்டுத் தோல் பதனிட்ட காலமும் உண்டு; வேதிப்பொருள்கள் வந்த காலமும் உண்டு. இங்கே தைத்த காலணிகள் கடல் கடந்து செல்கின்றன. அவ்வூரின் பிரியாணியோ சீரகச் சம்பாவில் ஆக்கி, கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் துணையாகப் பரிமாறப்படுவது. ஆட்டுக்கறி எட்டாத கைக்கு மாட்டுக்கறிப் பிரியாணி எட்டும். தோல் ஷாப்பில் உழைத்துக் களைத்தவனின் வயிற்றை நிறைப்பது அதுவே.

2022 மே 13 முதல் மூன்று நாள் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. கோழிக்கு இடமுண்டு, ஆட்டுக்கு இடமுண்டு, மாட்டுக்கு இடமில்லை! எதிர்ப்பு எழுந்தது. புறக்கணிப்பை ஏன் பாகுபாடாகக் கொள்ளலாகாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணங்காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. வானம் கைகொடுத்தது, வினா மட்டும் நனையாமல் நின்றது.

மாட்டிறைச்சி உண்போர்மீது கொண்ட வெறுப்பு தீண்டாமையின் வேர்களில் ஒன்று என்று அண்ணல் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட 'தீண்டத்தகாதோர்' பற்றிய நூலில் வாதிட்டார். அந்த ஆராய்ச்சியை அறிந்த நமக்கு, விழாப்பந்தலில் விடுபட்டது வெறும் ஒரு பண்டம் என்று எண்ண இயலுமா?

சிலர் மனம் புண்படுமே என்பர். உண்ண விரும்பாதவரை உண்ணும்படி எவரும் கூறவில்லை. விலகி நிற்க அவருக்குள்ள உரிமை பெரிது. உண்பவரின் உரிமையும் அதே அளவு பெரிது. தனிமனிதன் தன் தட்டைத் தானே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் எல்லோர் வரிப்பணத்திலும் இயங்கும் அரசு, ஊரின் பெயரால் விழா எடுத்து, ஊராரில் ஒரு பகுதியினரின் தட்டை மட்டும் ஒளித்துவைக்கலாமா?

மாட்டின் தோல் காலணியாகிக் கப்பலேறும்போது அது அந்நியச் செலாவணி. அதே மாட்டின் தசை ஏழையின் சோற்றில் விழும்போது அது அருவருப்பு! இந்த இரட்டை நாக்கு இருக்கும்வரை சமத்துவம் ஏட்டிலேதான் இருக்கும். அடுத்து எடுக்கும் விழாவில் அந்த அண்டாவும் மற்ற அண்டாக்களுக்கு இணையாக வரிசையில் நிற்கட்டும். விரும்புவோர் உண்ணட்டும், விரும்பாதோர் விலகட்டும். எவரும் எவர் முன்னும் தலைகுனிந்து உண்ணவேண்டாம்!