தசைச் சோர்வும் குருதியழுத்தமும்: 1937 கெய்ரோ ஆய்வின் வரலாற்றிடம்

தசைச் சோர்வை அளந்தறியும் முயற்சி இத்தாலியின் டூரின் நகரில் ஏஞ்சலோ மொஸ்ஸோவின் ஆய்வகத்தில் வலுப்பெற்றது. எடையொன்றை விரலால் மீண்டும் மீண்டும் தூக்கச் செய்து, அது எழும் உயரத்தைப் பதியும் எர்கோகிராஃப் என்னும் கருவியை அவர் அமைத்தார். மேல்கைத் தமனியை அழுத்தியபின் அதே வேலையைச் செய்தால் விரல் மிக விரைவில் ஓய்ந்துவிடுவதை அவ்வாய்வகத்தைச் சேர்ந்த மஜ்ஜோரா காட்டினார். இக்காலத்தில் குருதியோட்டம் தசைக்கு வேண்டியதைக் கொணர்ந்து, கழிவை அகற்றும் பாதையாகவே எண்ணப்பட்டது. தசை தன் நிலையை உடலுக்கு அறிவிக்குமா என்ற வினா பின்தங்கியே இருந்தது.

உழைப்பின்போது குருதியழுத்தம் உயர்வது ஏன்? உடற்பயிற்சி தொடங்கிய கணத்திலேயே இதயத்துடிப்பு விரைவதைக் கண்ட குரோக், லிண்ட்ஹார்டு ஆகியோர், மூளையின் கட்டளையே இதயத்தையும் தூண்டுகிறது என 1913இல் விளக்கினர். இவ்விளக்கம் பிழையன்று, முழுமையானதும் அன்று.

கெய்ரோ மருத்துவப் புலத்தில் பணியாற்றிய ஆலம், ஸ்மிர்க் இருவரின் ஆய்வு 1937இல் வெளிவந்தது. உறுப்பைச் சுற்றிக் காற்றுப்பட்டையை இறுக்கிக் குருதியோட்டத்தைத் தடுத்து, அவ்வுறுப்பின் தசைகளை இயக்கச் செய்தனர். அழுத்தம் உயர்ந்தது. இயக்கம் நின்ற பின்னரும், பட்டை இறுகியிருந்த வரை உயர்வு நீடித்தது. பட்டையைத் தளர்த்தியதும் தணிந்தது. இயக்கம் நின்றபோதே மூளையின் கட்டளையும் நின்றுவிட்டது. தசையில் தேங்கிய பொருள்களும் பட்டையைக் கடந்து செல்ல இயலாது. எஞ்சிய வழி நரம்பே. தண்டுவடப் பாதிப்பால் ஒரு காலில் மட்டும் இவ்வனிச்சைச் செயல் அற்றுப்போன நோயாளி ஒருவரைப் பற்றி 1938இல் அவர்கள் எழுதியது இம்முடிவுக்கு அரண் செய்தது.

இதன் பயனை 1939இல் பார்க்ராஃப்ட், மில்லன் ஆகியோரின் ஆய்வோடு இணைத்தே உணர முடியும். இடைவிடாது வலுவாகச் சுருங்கும் தசை தன் குருதிக் குழல்களைத் தானே நெரிக்கிறது என அது காட்டியது. நெரிபட்ட குழலுக்குள் குருதியைச் செலுத்த உயர்ந்த அழுத்தம் துணைபுரியும். சோர்வும் ஓரளவு தள்ளிப்போகும்.

எனினும் ஓர் ஐயம் நின்றது. குருதியற்ற தசை வலிக்கும். வலியும் அழுத்தத்தை உயர்த்தும். கெய்ரோ ஆய்வைக் கொண்டு மட்டும் இவ்விரண்டையும் முற்றாகப் பிரித்தறிவது கடினம். கூட், ஹில்டன், பெரஸ்-கொன்சாலஸ் ஆகியோர் 1971இல் வலியை உணர இயலாத நிலையிலிருந்த பூனைகளின் தசைகளைச் சுருங்கச் செய்தபோதும் அழுத்தம் உயர்ந்தது. தண்டுவடத்தின் பின்வேர்களை வெட்டியதும் அவ்வுயர்வு மறைந்தது.